கொடைமலையில் வாழ்ந்த மாண்டிசோரி அம்மையார்

மதுரையில் மாசி வீதிகளைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பெயர் பலகை கண்ணில் படும். மாண்டிசோரி பள்ளி என்று எழுதியிருக்கும். அது ஏதோ ஒரு சீமையின் பெயர் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. ஒரு பாடப் புத்தகத்தின் பெயர் என்று எண்ணுகிறவர்களும் உண்டு.

இரண்டும் அல்ல. அது ஒரு பெண்மணியின் பெயர்.

இத்தாலி தேசத்தில் பிறந்தவர். பெண்கள் படிக்காத வைத்தியப் படிப்பைப் படித்தவர். ஏழைத் தொழிலாளிகளின் குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடத்தி உலகப் புகழ் பெற்றவர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது நம் கொடைக்கானலில் இரண்டு வருஷம் வாழ்ந்தவர். கொடைக்கானல் அப்போது மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது. 1985-ல்தான் திண்டுக்கல் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே அம்மையாரை நம் ஜில்லாவில் குடியிருந்தவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

கை கட்டி, வாய் பொத்தி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று உலகம் முழுவதும் நம்பிய காலம் அது. குழந்தையின் கையைக் கட்டினால் அதன் மூளையையும் சேர்த்துக் கட்டியதாகிவிடும் என்று அம்மையார் கண்டார். அதை எப்படிக் கண்டார் என்பதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

பிணத்தோடு தனியே

மரியா மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர், கண்டிப்பானவர். தாயார் நன்றாகப் படித்தவர். வீட்டுக்கு ஒரே பெண். அவர் சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோமாபுரிக்குக் குடிவந்துவிட்டது.

பதிமூன்று வயதில் மரியா ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். எஞ்சினீயர் ஆகவேண்டும் என்பது ஆசை. பிறகு அந்த ஆசை மாறியது. டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்றார். தகப்பனாருக்கு இது பிடிக்கவில்லை. பெண்ணாகப் பிறந்தவள் வாத்தியாரம்மாவாகப் போனால் போதாதா என்பது அவர் எண்ணம். தாயார் மகள் பக்கம் நின்றார்.

வைத்தியக் கல்லூரியில் பிணத்தை அறுத்துப் படிக்கவேண்டும். ஆண் மாணவர்களோடு ஒரு பெண் நின்று அதைச் செய்வது மரியாதை அல்ல என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் போன பிறகு, பொழுது சாய்ந்த நேரத்தில், அவர் தனியாகப் பிணத்தோடு நின்று படித்தார். மருந்து நெடியைத் தாங்க முடியாமல் சுருட்டுப் புகையைத் துணை தேடினார் என்றும் சொல்வார்கள்.

1896-ல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் அவரே என்று சிலர் எழுதுவது சரியல்ல. அவருக்கு முன்னும் சிலர் உண்டு. ஆனால் மிகச் சிலரே. பட்டத்துக்கு முன் அவர் செய்த பிரசங்கம் ஒன்றைக் கேட்டபின் தகப்பனாரின் கோபமும் தணிந்தது.

ரொட்டித் துணுக்கு

படிப்பு முடிந்ததும் மனநோய் மருத்துவப் பிரிவில் வேலை கிடைத்தது. நோயாளிகளைப் பார்க்க ரோமாபுரியின் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்கு அடிக்கடி போவார். புத்தி வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அந்தக் காலத்தில் பெரியவர்களோடு சேர்த்து அங்கேதான் அடைத்துவைத்திருந்தார்கள்.

ஒரு காவல்காரி அந்தக் குழந்தைகளைப்பற்றி அருவருப்போடு புகார் சொன்னாள். சாப்பாடு முடிந்த பிறகும் இந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகின்றன, மகா அசிங்கம் என்றாள்.

டாக்டர் அம்மாள் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர், வெறும் தரை. ஒரு பொம்மை இல்லை. ஒரு கட்டை இல்லை. உருட்ட ஒரு கூழாங்கல்கூட இல்லை. கையால் பிடித்துப் பார்க்க அந்தப் பிள்ளைகளுக்கு உலகத்தில் இருந்ததெல்லாம் அந்த ரொட்டித் துணுக்குதான்!

அது வயிற்றுப் பசி அல்ல, கையின் பசி என்று அவருக்குப் பட்டது.

அதன்பின் அவர் இடார்ட், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். தொட்டும் தடவியும் ஏறியும் இறங்கியும் பழக்கினால் குன்றிய புத்தியும் வளரும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். 1900-ல் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக ரோமாபுரியில் ஏற்பட்ட பள்ளிக்கு மரியா ஒரு தலைவரானார். காலையிலிருந்து இரவு வரை குழந்தைகளோடு இருந்தார். அவர்களில் சிலர் எழுதவும் வாசிக்கவும் கற்று, சாதாரணப் பிள்ளைகளுக்கு வைக்கும் சர்க்கார் பரீட்சையிலும் தேறினார்கள். ஊர் முழுவதும் ஆச்சரியப்பட்டது.

அவருக்கோ வேறு ஒரு சந்தேகம் வந்தது. புத்தி குறைந்தவை என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளே இவ்வளவு தூரம் வரமுடியுமானால், ஆரோக்கியமான பிள்ளைகள் ஏன் இதே அளவில் நிற்கின்றன? அவர்களைப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்து வைத்திருக்கிறார்கள்?

இந்த இடத்தில் அவருடைய சொந்த வாழ்க்கையையும் சொல்லவேண்டும். அந்தப் பள்ளியில் கூட வேலை பார்த்த மொன்டெசானோ என்ற டாக்டரை அவர் நேசித்தார். 1898-ல் மாரியோ என்ற மகன் பிறந்தான். கலியாணம் நடக்கவில்லை. அன்றைய உலகில் விஷயம் வெளியே தெரிந்தால் வேலையும் போகும், மானமும் போகும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்க விட்டார். அவ்வப்போது போய்ப் பார்த்துவருவார். தாய் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் தாயாக நின்றவர் தன் குழந்தையைப் பதினைந்து வயது வரை தன்னோடு வைத்துக்கொள்ள முடியவில்லை.

முதல் வீடு

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி. ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற பேட்டை. கூலிக்காரர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள். தாயும் தகப்பனும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் அலையும், சுவரெல்லாம் கிறுக்கும். வெள்ளையடிக்கிற செலவைக் கண்டு கட்டட முதலாளிகள் பயந்தார்கள். இந்தப் பிள்ளைகளை ஓர் அறையில் போட்டுக் காவல் காக்க ஆள் தேடினார்கள். மாண்டிசோரி ஒப்புக்கொண்டார்.

உலகமெங்கும் பரவிய ஒரு கல்வி முறை, சுவர் கெடாமல் காப்பதற்காகத் தொடங்கியது என்றால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

சுமார் ஐம்பது பிள்ளைகள் சேர்ந்தன. அழுக்குத் துணி, அழுத முகம். அம்மையார் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, கனத்த பெஞ்சுகள் வேண்டாம் என்றது. குழந்தையே தூக்கி நகர்த்தக்கூடிய சின்ன மேஜை, சின்ன நாற்காலி செய்வித்தார். அலமாரியைக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தார். பெருக்குவது, துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது எல்லாம் அவர்கள் வேலை.

ஒருநாள் வாத்தியாரம்மா அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் வந்து பார்த்தால் பிள்ளைகள் தாங்களே பொருள்களை எடுத்துவைத்துக்கொண்டு வேலை செய்கின்றன! வாத்தியாரம்மா அதைத் திருட்டு என்றார். மாண்டிசோரி அம்மையார் அதன் பிறகு அலமாரியைப் பூட்டவே விடவில்லை.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக் கட்டைகளைக் குழிகளில் பொருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பெரிய கட்டை பெரிய குழியில், சின்னது சின்னதில். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார் அம்மையார். அவள் நிமிரவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்தபின் தானாக நிறுத்திச் சந்தோஷமாக எழுந்தாள். குழந்தைக்கு ஒரு நிமிஷம்கூடப் புத்தி நிலைக்காது என்று சொல்கிறவர்கள் அதன் கைக்கு வேலை கொடுத்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

எழுத்துக்கள் எப்படி வந்தன? உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை அதை விரலால் தடவும். தடவிக்கொண்டே ஓசையைச் சொல்லும். நமக்கு இது புதிது அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைத்தவர்கள் நாம். இந்த மணலைப் பார்த்துத்தான் ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூரில் தம் பள்ளியில் அதைக் கையாண்டு, 1797-ல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். சிலேட்டும் நோட்டும் வந்ததும் நாம் மணலை மறந்தோம்.

அந்த வருஷக் குளிர்காலத்தில் ஒருநாள் மொட்டை மாடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. அம்மையார் ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சாக்குக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தான். திடீரென்று குதூகலத்தோடு குனிந்து தரையில் ஒரு சொல்லை எழுதினான். அவனுக்கு யாரும் எழுதச் சொல்லிக் கொடுத்ததில்லை! பிறகு புகைபோக்கி என்று எழுதினான். கூரை என்று எழுதினான். மற்றப் பிள்ளைகளும் ஓடிவந்து சாக்குக்கட்டி கேட்டன.

அவன் முதலில் எழுதிய சொல் எது தெரியுமா? கை.

கோட்டின் மேல் நடை

அவர் எழுத்தையும் எண்ணையும் மட்டும் கவனித்தவர் அல்ல. 1909-ல் வெளிவந்த அவருடைய முதல் பெரிய நூலில் தேகப் பயிற்சிக்கென்று தனி அத்தியாயமே உண்டு. சின்னக் குழந்தைக்கு உடம்பு பெரிது, கால் குட்டை. அதை வரிசையில் நிறுத்திப் பட்டாளம் மாதிரி கையை வீசச் சொல்வது வீண் என்று அவர் கருதினார். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும் பிள்ளைகளைப் பார்த்து அதேபோலச் சின்ன வேலி செய்தார். நூலேணி, ஊஞ்சல், வளைந்து ஏறும் குட்டிப் படிக்கட்டு எல்லாம் செய்தார்.

தரையில் சாக்குக்கட்டியால் நீள்வட்டமாக ஒரு கோடு. அதன்மேல் அடி பிசகாமல் நடக்கவேண்டும். பழகியபின், தளும்பாமல் ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் ஏந்தி நடக்கவேண்டும். நம் கிராமத்துச் சிறுமி தலையில் குடத்தோடு வரப்பில் நடந்து வருவாளே, அதே வித்தைதான். நொண்டி ஆடுவதும், பாண்டிக் கட்டம் தாண்டுவதும், தட்டாங்கல்லை வீசிப் பிடிப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. பல்லாங்குழியில் சோழியைப் போட்டுக்கொண்டே போகும் பிள்ளை எண்ணைக் கையால் கற்கிறது. நம் வீட்டுக் கிழவிகளுக்கு இது தெரியும். அவர்கள் புத்தகம் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அம்மையார் கண்டதை இக்காலத்துப் பரிசோதனைகளும் பெரிதும் ஆதரிக்கின்றன. அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் சீட்டுக் குலுக்கி இடம் கொடுத்த மாண்டிசோரி பள்ளிப் பிள்ளைகளையும், சீட்டு விழாத பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2006-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஐந்து வயதில் எழுத்து, கணக்கு, தன்னடக்கம் ஆகியவற்றில் சீட்டு விழுந்த பிள்ளைகள் முந்தியிருந்தன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிஷமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஐந்து முதல் பதினேழு வயது வரை சராசரியாக 60 நிமிஷம். மூன்று வயதுக்கு மூன்று மணி நேரம்! மதுரையில் இரண்டு அறை வீட்டில் டெலிபோன் பெட்டியைக் கையில் பிடித்துச் சாப்பிடும் குழந்தைக்கு அதில் எத்தனை நிமிஷம் கிடைக்கிறது?

அடையாற்றில்

புகழ் வந்தது. சோதனைகளும் வந்தன. முசோலினி 1924-ல் அவருக்கு ஆதரவு கொடுத்தான். அம்மையாரும் ஏற்றுக்கொண்டார். அது அவருடைய பெயருக்கு ஒரு கறைதான். பள்ளிப் பிள்ளைகளைப் பட்டாளமாக்க அவன் முயன்றபோது ஒத்துப்போக முடியாமல் 1934-ல் இத்தாலியைவிட்டு வெளியேறினார். ஸ்பெயினுக்குப் போனார். 1936-ல் அங்கே உள்நாட்டு யுத்தம். ஹாலந்துக்குப் போனார்.

காந்தியடிகள் 1931-ல் லண்டனில் அவரைச் சந்தித்தார். குழந்தைகளைக் கண்டு மகிழ்ந்தார். ஆனால் இந்தியாவின் லட்சக்கணக்கான ஏழைக் கிராமங்களுக்கு இது எப்படிக் கிடைக்கும் என்பதே அவர் கவலை. கவலைப்பட்டதில் நியாயம் உண்டு. அம்மையாரின் மரச் சாமான்கள் விலை கூடியவை. அவற்றை மாற்றக்கூடாது, தம்மிடம் பயிற்சி பெற்றவரே கற்பிக்கவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததும் உண்மை.

பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்ததன்பேரில், 1939 நவம்பரில் அம்மையார் ஆகாய விமானத்தில் இந்தியாவுக்கு வந்தார். வயது 69. கூடவே மாரியோ. அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகளில் சுமார் முந்நூறு பேர் கூடினார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்வார்.

அதே சென்னையில் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920 முதல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நடத்திக்கொண்டிருந்தார் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு டிரில் மாஸ்டர்களைத் தந்த கல்லூரி அது. அவர் பெரிய பிள்ளைகளை மைதானத்துக்கு இழுத்தார். அம்மையார் பாலர்களின் கையையும் காலையும் அவிழ்த்துவிட்டார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. பிரிட்டிஷ் சர்க்காருக்கு இத்தாலியர் எல்லோரும் எதிரிகள். மாரியோவை அகமத்நகரில் காவலில் வைத்தார்கள். முதுமையில், மொழி தெரியாத நாட்டில், மொழிபெயர்த்துச் சொல்லும் ஒரே துணையும் போயிற்று.

ஆகஸ்டு 31. அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்த நாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. உலகத்துக்கு அதுவரை மாரியோ அவருடைய உறவுக்காரப் பையன், வளர்ப்புப் பிள்ளை. சர்க்கார் கடிதத்தில் முதல் தடவையாக மகன் என்று எழுதப்பட்டது. நாற்பத்திரண்டு வருஷம் வெளியே சொல்ல முடியாத ஒரு சொல்லைத் தந்திக்காரன் கொண்டுவந்து கொடுத்தான்!

கொடைக்கானல் வருஷங்கள்

1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் தங்கினார்கள். மதுரையிலிருந்து ரயிலில் கொடைக்கானல் ரோடு போய், வத்தலக்குண்டு வழியாக மலையேறவேண்டும். ஏழாயிரம் அடி உயரம். யுத்தத்தால் ஊர் திரும்ப முடியாத வெளிநாட்டுக் குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்களுடைய குழந்தைகளும் இந்தியக் குழந்தைகளும் சேர்ந்து ஒரு சின்னப் பள்ளி. இலங்கையிலிருந்து வந்த லீனா விக்ரமரத்ன அதை நடத்த உதவினார்.

அதுவரை அம்மையார் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளோடுதான் அதிகம் வேலை செய்திருந்தார். பெரிய பிள்ளைகளுக்கான முறை இந்த மலையில்தான் நன்றாக உருவாயிற்று. ஆறு வயதுக்கு மேல் நான்கு சுவர் போதாது. பிள்ளை வெளியே போகவேண்டும் என்று கண்டார். இலையைச் சேர்த்தார்கள். செடிகளையும் பூச்சிகளையும் பார்த்தார்கள். மலை எப்படி வந்தது, மழை எங்கே போகிறது என்று நடந்துகொண்டே கேட்டார்கள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருந்ததால் பெரியது சின்னதுக்குச் சொல்லிக்கொடுத்தது.

இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கு மேல்.

முற்றத்துப் பள்ளி

காந்தியடிகளின் கவலைக்குப் பதில் சொன்னவர்கள் வேறு சிலர். குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-லேயே பாவ்நகரில் பாலர் பள்ளி தொடங்கியிருந்தார். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்ற துணைவியோடு பம்பாய்க்கு வடக்கே ஆதிவாசிக் குடிசைகளுக்குப் போனார். பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளைகளிடம் போகட்டும் என்று முற்றத்திலேயே நடத்தினார். விலை கூடிய சாமான்களுக்குப் பதில் கூழாங்கல், விதை, களிமண், சிப்பி. முற்றத்துக்கு அவர்கள் மொழியில் அங்கண். 1975-ல் மத்திய சர்க்கார் நாடெங்கும் தொடங்கிய நிலையங்களுக்கு அங்கன்வாடி என்றே பெயர்.

நம் மாநிலத்தில் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியிலும் மாண்டிசோரி முறையிலும் கற்றுக்கொண்டதை வைத்து அமைத்தது அது. 2007-ல் சுமார் 37,000 ஆரம்பப் பள்ளிகளுக்கு அது போயிற்று. உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளியிலும் மேலூர்ப் பக்கத்துப் பள்ளியிலும் பெஞ்சு போய்ப் பாய் வந்தது. குழந்தைக்கு எட்டும்படி சுவரின் அடியில் கரும்பலகை வந்தது. பிள்ளை எழுந்து போய்த் தனக்கு வேண்டிய அட்டையைத் தானே எடுத்துவந்தது. வாத்தியாரும் தரையில் உட்கார்ந்தார். சத்தம் அதிகம், படிப்பு குறைவு என்று பெற்றோர் சிலர் குறை சொன்னார்கள். அட்டையைத் தேடுவதிலேயே நேரம் போகிறது என்றார்கள் ஆசிரியர் சிலர். பின்னர் முறைகள் மாறின. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதிலும் பாட்டும் ஆட்டமும் பொம்மலாட்டமும் உண்டு.

கூலிக்காரர் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை இன்று பல ஊர்களில் சம்பளம் கட்டக்கூடியவர்களுக்கே கிடைக்கிறது. பலகையில் அம்மையாரின் பெயர், உள்ளே மூன்று வயதுப் பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக, என்ற காட்சியும் உண்டு. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். பல நாடுகளில் அதற்குத் தடை இல்லை. ஆகவே பெற்றோர் பலகையைப் பார்ப்பதைவிட, பிள்ளைகள் எழுந்து நடக்க இடம் இருக்கிறதா, அலமாரி அவர்கள் கைக்கு எட்டுகிறதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பது நல்லது.

அம்மையார் 1946-ல் ஐரோப்பா திரும்பினார். 1947-ல் மறுபடி அடையாற்றுக்கு வந்தார். 1949 முதல் மூன்று வருஷம் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் சிபாரிசு செய்யப்பட்டது, கிடைக்கவில்லை.

1952 மே 6. ஹாலந்தில் கடலோர ஊரான நூர்ட்விக். வயது 81. ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் என்ற நாட்டிலிருந்து, இன்று கானா என்கிறார்களே அங்கிருந்து, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வரவேண்டும் என்ற பேச்சு வந்திருந்தது. போகவேண்டும் என்றார் அம்மையார். இந்தத் தள்ளாமையில் எப்படிப் போவது, வேறு யாரையாவது அனுப்பலாமே என்றார் மாரியோ. அம்மையாருக்கு அதில் சம்மதமில்லை. உதவி தேவைப்படும் குழந்தைகள் உலகத்தில் எங்காவது உண்டென்றால் அது அங்கேதான் என்று வாதாடினார். மாரியோ ஏதோ எடுத்துவர அடுத்த அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது தாயாரின் உயிர் பிரிந்திருந்தது.